எந்த வீட்டுக் குளிர்

"கதவ மூடுங்க! குளிரெல்லாம் வெளிய போவுது!"

அஃப்ரோஸ் போட்ட சத்தத்தில், மய்யித்தைப் பார்க்க வந்த பெண்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். கட்டிலில் அவள் மாமனார் ஆபித் பாஷா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். விடியற்காலையில் மூச்சு நின்றுவிட்டது. வியாபாரத்துக்குத் தோல் வாங்கக் கான்பூர் போயிருந்த கடைசி மகன் சாயங்காலம்தான் ஆம்பூர் வந்து சேருவான். அதுவரை உடம்பு கெடாமல் தாங்க வேண்டும். மே மாத வெயில். சுவரில் இருந்த ஸ்பிளிட் ஏசி பதினாறில் ஓடியும், கதவு திறக்கத் திறக்க அறை புழுங்கியது. ஏசிக்குக் கீழே தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருந்தது. அவள் ஒரு வாளியை வைத்தாள்.

மூத்த மகன் தௌசீப் அகமது, அஃப்ரோஸின் புருஷனான தம்பி நிசாரைத் தனியாக அழைத்துப் பேசினார். தனியாக என்றால், அஃப்ரோஸின் காதில் நன்றாக விழுகிற தூரத்தில்.

"நிசாரு, நம்ம வீட்டுக்கு எடுத்துனு போயிடலாம்டா. அடுத்த தெருதானே? அங்க டக்ட் ஏசி. எத்தினி பேரு வந்து போனாலும் ஹால் பூரா குளிரும்."

நிசார் தலையாட்டப் போனான். அண்ணன் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலை அது. அஃப்ரோஸ் முந்திக்கொண்டாள்.

"அப்பா இங்கருந்துதான் போவாரு பாய்."

"மய்யித்து தாங்கணுமேம்மா."

"தாங்கும்."

தாங்காவிட்டால் என்ன செய்வாள், அவளுக்கே தெரியாது. ஆனால் விடமாட்டாள். கடைசி ஒரு வருஷம் அந்த மனுஷனின் மலமூத்திரம் அள்ளியவள் அவள். இப்போது மூத்தவர் பெண்டாட்டி மெஹக் வீட்டு ஹாலில் கொண்டுபோய்ப் போட்டால், ஊரே மெஹக்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழும். மய்யித்து கிடக்கிற வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். சொந்தக்காரர் வீட்டிலிருந்துதான் சோறு வரும். அப்படியானால் அஃப்ரோஸ் இங்கே சோறாக்கி, தூக்கு வாளியில் எடுத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி அங்கே போக வேண்டும். நல்லா இருக்கே கதை!

அந்த டக்ட் ஏசி மேலேயே அவளுக்கு வயிற்றெரிச்சல். அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில்தான் வீடு கட்டினார்கள். மெஹக் வீட்டில் கூரைக்குள் குழாய் விட்டு, ரூமுக்கு ரூம் சன்னமான ஜன்னல் வைத்தார்கள். சுவரில் ஒரு பெட்டி கிடையாது, சத்தம் கிடையாது. எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் குளிரும். நிசாருக்கும் ஆசை வந்தது. அவள்தான், "அப்பா ரூமுக்கு ஒரு ஸ்பிளிட் போதும், கரண்டு பில்லுக்கு யாரு அழறது?" என்றாள். எல்லோரும் அவளைச் சிக்கனக்காரி என்றார்கள். சிக்கனமாவது ஒன்றாவது. மெஹக்கைப் பார்த்துக் காப்பியடித்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மெஹக் உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அதுகூட அவளுக்கு அழகாகத்தான் இருந்தது, சனியன்.

"அப்பாவ ஒரு நாளு குடேன் அஃப்ரோஸ்," என்றாள் மெஹக் மெதுவாக. "இன்னிக்கி ஒரு நாளு."

"எதுக்கு பாபி? ஊரு பாக்கவா?"

"டக்ட் போட்டதே அவருக்காகத்தான். உங்க பாய் ஸ்பிளிட் போதும்னாரு. நான்தான் சண்ட போட்டேன். ஸ்பிளிட் காத்து நேரா மூஞ்சில அடிக்குது, அப்பாவுக்கு இருமல் ஜாஸ்தியாவும், மேலருந்து பரவலா வந்தா ஒத்துக்கும்னேன். கீழ் ரூம் அவருக்குன்னே கட்டினது. அது ஒண்ணுக்கு மட்டும் போட முடியாது. நடமாட்டம் இருந்தப்ப அவரு வர்றேன்னா காலைலருந்து வீடு பூரா ஓடும். வருவாரு, டீ குடிப்பாரு. படுங்கப்பான்னா, அஃப்ரோஸ் காத்துனு இருப்பான்னு எழுந்துடுவாரு. ஒரு ராத்திரி தங்கல. உம்பேரைக் கேட்டாலே எனக்குப் பத்தினு எரியும்."

அஃப்ரோஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சாவு வீடென்று பார்க்காமல் வந்தது. மெஹக்கே எரிந்தாளாம்! இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது. அப்புறம் அந்தக் கீழ் ரூம் நினைவுக்கு வந்தது. ஆள் படுக்காத கட்டிலுக்கு நாள் முழுக்கக் குளிர் ஓடியிருக்கிறது.

"பேஜாரு வேணாம், இங்கயே இருக்கட்டும்," என்று தௌசீப் வாசலிலிருந்து முடித்துவைத்தார். "ஐஸ் சொல்லியாச்சு. மெஹக், நீ போயி சோத்துக்குப் பாரு."

மெஹக் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். புருஷனைப் பெற்றவர் கிடக்கையில் சோறாக்கப் போகிறாள். அஃப்ரோஸ் போகப் பயந்த அதே நடை.

எதிர்வீட்டுப் பட்டம்மாள் கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தாள். "பாயம்மா, நான் சோறு வடிச்சி, சாம்பாரு வெச்சி எடுத்தாரட்டா?"

"எடுத்தாங்கக்கா," என்றாள் அஃப்ரோஸ். "பெரிய பாய் வீட்டுக்கும் சேத்து ஆக்குங்க. அங்கயும் இன்னிக்கி அடுப்பு எரியாது. பாபி, எங்க போறீங்க? உக்காருங்க."

மெஹக் திரும்பி அவளைப் பார்த்தாள். அஃப்ரோஸ் பார்க்கவில்லை. நகர்ந்து பாயில் இடம் விட்டாள், கால்மாட்டுப் பக்கம். தலைமாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.