விசிலுக்குத் தெரியாத விதி

“நான் நின்ன இடத்துலயே நின்னேன். அவதான் ஓடி வந்து மோதுனா. ஃபவுல் எனக்கா சார்?”

“விழுந்தது அவங்கதானே?”

கூடைப்பந்து நடுவருக்கும் ஓர் ஆட்டக்காரிக்கும் நடந்த முதல் பேச்சு அது. அந்த ஆட்டக்காரியே பிறகு அவருக்கு மனைவியாக வாய்த்தாள். இத்தனை வருடங்களில் அவருக்குத் தொப்பை வந்ததே தவிர, இருவர் மோதினால் தவறு யாருடையது என்கிற விதி மட்டும் பிடிபடவே இல்லை. புத்தகத்தில் படித்தால் புரியும். மைதானத்தில் இறங்கினால் தலை சுற்றும். ஆகவே விழுந்தவர்தான் அப்பாவி என்று குத்துமதிப்பாக விசில் அடிப்பார். விஷயம் தெரிந்த ஆட்டக்காரர்கள், அவர் நடுவர் என்றாலே எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பதுபோலத் தொபுக்தொபுக்கென்று விழுந்தார்கள்.

நாளை இறுதிப் போட்டி. இதிலும் சொதப்பினால் இனி வாண்டுகளின் ஆட்டத்துக்குத்தான் விசில் என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். அந்தக் கவலையோடு அறைக்குள் வேகமாகத் திரும்பியவர், துணி மடித்துக்கொண்டு நின்ற மனைவி மேல் மோதித் தரையில் உட்கார்ந்தார்.

“இப்ப யாரு மேல தப்பு, நடுவர் சார்?” என்று அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. மானமும் கூடவே தரைக்கு வந்துவிட்டதால், இனி இறங்க இடமில்லை.

“சிரிக்காதம்மா. அந்த விதி எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. கொஞ்சம் சொல்லிக் குடேன்.”