எண்ணெய் பூசிய வில்கள்

இதை நான் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். தங்கவயலுக்குக் கரண்டு வருவதற்கு ஓரிரு வருஷம் முந்தி என்று நினைக்கிறேன். பிடில்கள் ஏழா, எட்டா என்பதும் நிச்சயமில்லை. ஆனால் ஏனோக் அன்று சொன்ன ஒரு வாக்கியத்தில் மட்டும் சந்தேகமில்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரே அதை என்னிடம் ஒப்பித்தார்.

நந்திதுர்க் சுரங்கத்து மேட்டில் இருந்த டக்ளஸ் துரையின் பங்களாவில் ஏனோக் பட்லர். துரைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் பிடில்கள். இத்தாலியில் செய்தவை, நூறு வயது தாண்டியவை. கீழ்த்தட்டில் பச்சை வெல்வெட்டின்மேல் பன்னிரண்டு வில்கள் படுத்திருக்கும். வெயிலில் மரம் வெடிக்காமலிருக்க உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பது ஏனோக்கின் வேலை. அதற்காகச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. வேறு யாரும் தொடக்கூடாது.

துரை பத்து நாள் மதராஸ் போனார். திரும்பி வரும் சனிக்கிழமை மற்ற பங்களாக்காரர்கள் பிடில் கேட்க வருவார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லாம் பளபளக்க வேண்டும் என்று ஏனோக் அலமாரியைத் திறந்தார். வில்களின் மயிர் வறண்டு, வெள்ளை வெள்ளையாகத் தூள் படிந்து கிடந்தது. குதிரைவால் மயிர் என்று துரை சொல்லிக் கேட்டிருக்கிறார். மயிர் என்றால் எண்ணெய் வேண்டாமா? பறட்டைத் தலையோடு யாராவது நாலு பேர் முன்னால் போய் நிற்பார்களா? தூளை ஈரத்துணியால் துடைத்தார். உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் ஊற்றி, பன்னிரண்டுக்கும் பொறுமையாக நீவிவிட்டார். மினுமினுத்தது. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை துரை நடுக்கூடத்தில் நின்று வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தார். சத்தமே இல்லை. ஈரப் பாசியில் கால் வழுக்குவதுபோல வில் வழுக்கிக்கொண்டு போனது. தந்தியைப் பிடிப்பதற்காக மயிரில் தேய்த்திருந்த குங்கிலியத் தூள்தான் ஏனோக் துடைத்தெடுத்தது. வேறொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. விருந்தாளிகளில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இருமினார். துரை மயிரை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். பிறகு வராந்தா பெருக்கும் சரோஜம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

சரோஜம்மாவின் புருஷன் காய்ச்சலில் போயிருந்தான். அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்தப் பங்களா வேலைதான் சோறு. துரைக்குத் தமிழ் வராது, அவளுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் ஏனோக்.

"கைவைத்தது இவள்தானே, கேள்" என்றார் துரை. எண்ணெய் வைத்து வாரி முடிந்த அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனோக்கின் தலையிலும் அதே எண்ணெய்தான். மேலே தலைப்பாகை இருந்தது.

ஏனோக் கேட்டார்.

"இன்னாண்ணா இது? என் தலைக்கே வாரத்துக்கு ஒருவாட்டிதான் எண்ண. குதிர வாலுக்கு ஊத்த எங்க போவேன்? அந்த ரூமுல நான் காலே வெச்சதில்ல. சாவி உங்க இடுப்புலதான கீது, நீங்களே சொல்லுங்க."

'நான்தான் செய்தேன் ஐயா.' இங்கிலீஷில் அந்த வார்த்தைகள் ஏனோக்கின் வாயில் தயாராக இருந்தன.

"தெரியாமல் செய்துவிட்டாளாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறாள்" என்றார் துரையிடம்.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார் துரை. அதை மட்டும் ஏனோக் ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னார்.

"நீங்க அவ்ளோ எடுத்துச் சொல்லியும் கேக்கலியா அந்த ஆளு?" என்றாள் சரோஜம்மா. "போவட்டும் உடுங்க. எனக்காவ ஒரு வார்த்த பேசினீங்களே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஏனோக் தலையை மட்டும் ஆட்டினார்.

வில்களுக்குச் சீமையிலிருந்து புது மயிர் வந்தது. மூன்று வருஷம் கழித்து டக்ளஸ் துரை பிடில்களோடு கப்பலேறினார். சரோஜம்மா பெண்களோடு பூதிகோட்டைக்குப் போய் நடவுக் கூலி செய்தாள். மூத்தவள் பிளேக்கில் செத்தாள். இளையவளை அங்கேயே கட்டிக்கொடுத்தாள். பிறகு சரோஜம்மாவும் செத்தாள். ஏனோக் துரையிடம் நல்ல சர்ட்டிபிகேட் வாங்கி இன்னும் இரண்டு பங்களாக்களில் வேலை பார்த்தார், சபையில் மூப்பரானார், வயதாகி இறந்தார். பூதிகோட்டை பக்கம் அவர் ஒருநாளும் போனதில்லை.