வேலாத்தாளின் ஏற்ற இறக்கம்

திருமூர்த்தி தன் மனைவியைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டால், ஒன்று நூல் விலை இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்க வேண்டும். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஆவணியில் நூல் விலை இறங்கவில்லை. ஆனாலும் ஒருநாள் காலையில் மாடியேறி வந்தவர் காப்பியைத் தானே ஆற்றிக் கொடுத்துவிட்டு, “ஏங்கண்ணு, இன்னிக்கு அந்தப் பொட்டிய இன்னும் வாசிக்கலியா?” என்று கேட்டார். வேலாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம்தான் அதே பெட்டியைக் கிணற்றில் போடுகிறேன் என்று குதித்த மனுஷர் இவர்.

பெட்டி என்றால் கீபோர்டு. கோயமுத்தூர் ஹாஸ்டலில் படிக்கும் மகன் அடம்பிடித்து வாங்கி, அடுத்த லீவுக்குள் மறந்துபோன சாமான். அனுப்பர்பாளையத்தில் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு என்று கட்டியிருந்தார்கள். மாடிக் கூடத்தில் மகனின் பழைய போர்வைக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எழுப்பியவர் டென்மார்க்கிலிருந்து பனியன் வாங்க வரும் பையர் ஹென்ரிக். தை மாதம் ஆர்டர் பேச வந்தவருக்கு மாடியில்தான் சாப்பாடு. அரிசியும்பருப்பும் சாதத்தை நெய்விட்டு ஒரு பிடி பிடித்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார், போர்வையைத் தூக்கிப் பார்த்தார், உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அதில் பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை. ஏதோ ஒரு பக்கம் கிளம்பியது, திரும்பியது, சண்டை போட்டது, சமாதானமானது. வேலாத்தாள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷைத் தூசி தட்டி, இது என்ன பாட்டு என்று கேட்டாள். பாட்டே இல்லை, இப்போதுதான் மனசில் வந்தது என்றார் அவர். ஜாஸ் என்றால் அப்படித்தானாம். தெரிந்த வழியில் கிளம்பி, தோன்றிய இடத்துக்குப் போவதாம்.

அன்று ராத்திரி வேலாத்தாளுக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்பதைக்கூட நாலு பேரைக் கேட்டு வைத்தவள் அவள். ஒரு மனுஷன் யாரையும் கேட்காமல், மனசில் வந்ததை அப்படியே பத்து விரலில் சொல்லிவிட்டு எழுந்து போகிறான்! தானும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, நாலு பேர் கேட்க அப்படி வாசித்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வெறி பிடித்துக்கொண்டது.

ஹென்ரிக் நல்ல மனுஷர். அடுத்த சாம்பிள் பார்சலில் டி-ஷர்ட்டுக்கு நடுவே ஒரு கேசட்டை வைத்து அனுப்பினார். கேசட்டில் ஒரு கிழவனார் கனிவாகப் பேசி உயிரை வாங்கினார். முதலில் ஸ்கேல் வாசியுங்கள். ஏறுங்கள், இறங்குங்கள். பன்னிரண்டு கட்டையிலும் ஏறி இறங்குங்கள். விரலுக்கு வழி பழகிய பிறகுதான் மனசு கூப்பிட்ட இடத்துக்கு அது வரும். அதுவரைக்கும் அவசரப்படாதீர்கள்.

வேலாத்தாள் அவசரப்படவில்லை. காலைப் பலகாரத்தை முடித்ததும் உட்கார்ந்துவிடுவாள். ச ரி க என்று மூன்று விரல், அதற்கடியில் கட்டைவிரலை நுழைத்து ம ப த நி ச. அப்படியே திரும்பி இறக்கம். வெள்ளைக் கட்டையில் நல்ல பிள்ளையாக ஓடும் விரல்கள் கறுப்புக் கட்டை வந்தால் முரண்டு பிடிக்கும். விடமாட்டாள். திருமூர்த்திக்குத்தான் மண்டை காய்ந்தது.

“ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது. பாட்டு எப்பப் புள்ள வரும்?”

“வரும்போது வருமுங்க.”

கொடுத்தது பையர் என்பதால் கேசட்டை அவரால் தூக்கியெறிய முடியவில்லை. பையர் மனசு கோணினால் ஆர்டர் போட்டிக் கம்பெனி சோமனூர்க்காரனுக்குப் போய்விடும்.

ஆடி மாதம் கரண்ட்டு எக்கச்சக்கமாக எகிறியதில் பெட்டியின் ஸ்பீக்கர் புகைந்துபோனது. கம்பெனி எலக்ட்ரீசியன் வீரன் வந்து பார்த்தான். பக்கத்து ஆபீஸ் ரூமில் இருந்த மைக் செட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் சொருகினான். “இப்பக் கேளுங்கக்கா, கல்யாண ஊடு கணக்கா கேக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆபீஸ் ரூம் ஸ்பீக்கரில் சத்தம் கணீரென்று வந்தது. அவளுக்குப் பரம சந்தோஷம்.

அதற்கப்புறம்தான் இந்தக் ‘கண்ணு’ ஆரம்பித்தது. கண்ணோடு நிற்கவில்லை. ஒருநாள் மல்லிகைப்பூ வந்தது. ஒருநாள் கீபோர்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ள மெத்தை வைத்த நாற்காலி வந்தது. பெரிய ஷிப்மெண்ட், ஆயுத பூஜைக்கு முன்னால் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும் என்று கீழே நெருப்பாக நின்றுகொண்டிருந்த மனுஷர், மாடிக்கு வந்ததும் வெண்ணெயாக உருகினார்.

“நல்லா வாசிக்கற கண்ணு. இன்னும் சித்தெ வெசையா வாசிச்சா இன்னும் நல்லா இருக்கும்.”

அவருக்கு எல்லாமே வேகமாக ஆக வேண்டும், அது குணம் என்று நினைத்தாள். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த மனுஷர் தான் செய்யும் ஒன்றைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நம்பினாள். அவருக்காகவே வேகத்தைக் கூட்டினாள்.

அந்த நம்பிக்கைக்கு ஆயுசு குறைவு. கீழே பவர் டேபிள் மிஷின் வரிசையில் கை வைத்துத் தைக்கும் மயிலாள் ஒரு மத்தியானம் தலைவலித் தைலம் கேட்டு மாடிக்கு வந்தாள். கை வைப்பது என்றால் பனியனுக்கு இரண்டு தோளிலும் கையை இணைப்பது. தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டே உரிமையோடு குறை சொன்னாள்.

“ஏனுங்கக்கா, நேத்து ஏறிட்டிருக்கும்போது பாதீல நின்னு மறுக்கா மொதல்லருந்து ஆரம்பிச்சீங்களே, நான் ஒரு கையத் திருப்பி வெச்சுத் தெச்சுப்போட்டனுங்க. அப்பறம் உக்கோந்து பிரிச்சு மாளல.”

“நான் வாசிக்கறது உனக்கு எங்க கேட்டுச்சு?”

“கொழாய்ல வருதுங்களே!”

சினிமாப் பாட்டு போடுவதற்காகக் கீழே இரண்டு குழாய் ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். யாருடைய படப் பாட்டைப் போடுவது என்று டெய்லர்களுக்குள் கைகலப்பு ஆனதிலிருந்து அது ஊமையாகக் கிடந்தது. வீரன் ஒயரைச் சொருகியபோது கீழே போகும் லைனை அணைக்க மறந்துவிட்டான். மறுநாள் காலை கம்பெனி முழுக்க வேலாத்தாளின் ச ரி க ம முழங்கியது. மாதக்கணக்கில் வெறும் மிஷின் இரைச்சலைக் கேட்டுக் காய்ந்திருந்த ஜனங்களுக்கு ஏதோ ஒன்று வந்ததே என்று இருந்தது.

“மொதல்ல சிரிச்சமுங்க. அப்பறம் பாத்தா கை தன்னால அதுகூடவே ஓடுதுங்க. ஏறும்போது ஒரு கை, எறங்கும்போது மறு கை. நீங்க அடுத்ததுக்குப் போனா நாங்களும் அடுத்த பீசுக்குப் போயிருவமுங்க. பீஸ் ரேட்டுங்களா, எங்களுக்கும் வாரக் கூலி எச்சாத்தான் வருது.”

“மொதலாளிக்குத் தெரியுமா?”

“அவுருதானுங்களே கொழாய எங்க டேபிள் பக்கமாத் திருப்பி வெச்சாரு! ஒயரத் தொட்டா வேலைய உட்டு அனுப்பிருவன்னு வீரன்கிட்டச் சொல்லிப்போட்டாருங்க.”

மயிலாள் போன பிறகு வேலாத்தாள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. தான் தடுக்கி விழுந்த ஒவ்வொரு இடத்தையும் மொத்தக் கம்பெனியும் கேட்டிருக்கிறது. அப்புறம் துக்கம். மல்லிகைப்பூ தனக்கு வரவில்லை, பனியன் கைக்கும் தோளுக்கும் வந்திருக்கிறது. கடைசியில் கோபம் வந்தது. கோபம் கொஞ்சம் ஆறியதும் அது இருந்த இடத்தில் வேறொன்று முளைத்தது. சின்ன வயசில் பக்கத்துத் தோட்டத்துக் கொய்யாவைப் பறிக்கும்போது வருமே, அந்தக் குறுகுறுப்பு.

மறுநாள் காலை வழக்கம்போல உட்கார்ந்தாள். முதலில் மெல்ல வாசித்தாள். ஜன்னல் வழியே காதைக் கொடுத்தாள். கீழே மிஷின் சத்தம் சோம்பியது. வேகமாக வாசித்தாள், சத்தம் பறந்தது. பிறகு கேசட்டில் கிழவனார் சொன்ன ஜாஸ் நடையைப் பிடித்தாள். ஒரு சுரம் நீட்டல், அடுத்தது குறுக்கல், நீட்டல், குறுக்கல். கீழே மிஷின்கள் நொண்டியடித்தன. யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள், சூபர்வைசர் கத்தினான். வேலாத்தாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் செய்ததுதான் மகா பாவம். ஒழுங்காக ஏறினாள். ச, ரி, க, ம, ப, த, நி. நி-யில் நிறுத்தினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே ஒவ்வொரு மிஷினாக அடங்கியது. மேல் ச வரவில்லை. ஒரு கம்பெனியே தையலை முடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது.

“ஏம்புள்ள! பாதீல நிறுத்திப்போட்டயே! அந்தக் கடைசி ஒண்ண அமுத்து!” திருமூர்த்திக்கு மூச்சு வாங்கியது.

“எந்தக் கடைசி ஒண்ணுங்க?”

“அதான்... எல்லாரும் கையத் தூக்கிட்டு உக்கோந்திருக்கறாங்க!”

“ஆருங்க உக்கோந்திருக்கறாங்க?”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. திருட்டு முழி முழித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், மெத்தை நாற்காலியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“லாரி நாளான்னிக்கு வருது புள்ள. கோவத்த அப்பறம் வெச்சுக்க.”

“நீங்க எம்பாட்டக் கேக்கறீங்கன்னு நெனச்சனுங்க” என்றாள் வேலாத்தாள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதை அவள் விரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தாள். “ஆயுத பூஜையன்னிக்கு மிசினெல்லாம் நிறுத்துவீங்கல்ல? பூஜ முடிஞ்சதும் எல்லாத்தையும் உக்கார வெய்யுங்க. நான் வாசிக்கோணும். இந்த ஏத்தம் எறக்கம் இல்ல. எம்மனசுல வர்றத.”

“ஒறம்பறையெல்லாம் வருவாங்க புள்ள. பக்கத்துக் கம்பெனிக்காரனெல்லாம் வருவான். மொதலாளி பொண்டாட்டி பொட்டி வாசிக்கறான்னு...”

“தெனமும்தான் வாசிக்கறன், கொழாய்ல.”

அவள் சுண்டுவிரலை மேல் ச-வின் மேல் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கீழேயிருந்து சூபர்வைசர், “மொதலாளி!” என்று அலறினான்.

“சரி, ஒத்துக்கறன். அமுத்து!”

அமுக்கினாள். கீழே அத்தனை மிஷினும் ஒரே மூச்சில் உறுமிக்கொண்டு கிளம்பின. அந்த ஷிப்மெண்ட் ஒரு நாள் முன்னதாகவே தூத்துக்குடிக்குப் போனது.

ஜெயித்தாயிற்று என்று அவள் மார்தட்டிக்கொள்ளவில்லை. பயம் பிடித்துக்கொண்டது. ஸ்கேல் பன்னிரண்டும் விரலில் இருந்தன. ஆனால் மனசில் வருவதை வாசிக்கிறேன் என்று வாய் பெரிதாகச் சொல்லியாகிவிட்டது. உட்கார்ந்த பிறகு மனசில் ஒன்றுமே வராவிட்டால்? இத்தனை வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் இருந்தால்? கீழே போகும் லைனை அணைத்து வைத்துவிட்டுத் தனியாக முயன்று பார்த்தாள். எங்கே கிளம்பினாலும் விரல் மரியாதையாக மேல் ச-வுக்குப் போய் நின்றுகொண்டது.

ஆயுத பூஜையும் வந்தது. மிஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, கட்டிங் டேபிளுக்கு முன்னால் பாய் விரித்து எல்லாரையும் உட்கார வைத்தார்கள். ஒறம்பறைச் சொந்தக்காரர்களும் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் நாற்காலியில். திருமூர்த்தி ஓரமாக, பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாடியிலிருந்து இறக்கி வைத்திருந்த கீபோர்டுக்கு முன்னால் வேலாத்தாள் உட்கார்ந்தாள். வேறு வழி தெரியாமல் ஸ்கேலையே ஆரம்பித்தாள். ஏறினாள். பாயில் இருந்த டெய்லர்களின் கைகள் பழக்க தோஷத்தில் வெறும் காற்றில் துணியைத் தள்ளின. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் விரல் வழுக்கி, கூடாத ஒரு கறுப்புக் கட்டையில் போய் விழுந்தது.

நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக அதே தப்பை இன்னொரு தடவை அழுத்தினாள். இப்போது அது தப்பாகத் தெரியவில்லை, ஏதோ கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது. மேலே போகாமல் அங்கிருந்தே திரும்பி அதற்குப் பதில் சொன்னாள். பதில் நாலு கட்டை கீழே போய்ச் சண்டை போட்டது. விரலுக்கு வழி தெரிந்திருந்தது. எந்தச் சந்தில் திரும்பினாலும் வெளியே வந்துவிடலாம் என்று தைரியம் பிறந்தது. நாலு பேரைக் கேட்டு வைத்த குழம்பு, சொல்லாமல் விழுங்கிய பேச்சு, மல்லிகைப்பூவின் மேல் வந்த ஆத்திரம் எல்லாம் நீட்டலும் குறுக்கலுமாக வந்தன. இடையிடையே சறுக்கினாள். சறுக்கியதையும் சேர்த்துக்கொண்டு போனாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது.

முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. பொரி மெல்லும் சத்தம்கூட இல்லை. ஒறம்பறைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணாலேயே என்ன என்று கேட்டார், அவர் உதட்டைப் பிதுக்கினார். திருமூர்த்தி வேட்டி நுனியைத் திருகினார்.

பாயிலிருந்து மயிலாள்தான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, இதுக்குத் தைக்க முடியாதுங்க.”

“ஏன்?” என்றாள் வேலாத்தாள்.

“கையே ஓடலீங்க. அடுத்தது எங்க போவீங்களோன்னு சும்மா கேட்டுக்கிட்டே உக்கோந்துட்டனுங்க.”

வேலாத்தாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அத்தனை பேர் முன்னால், மறைக்கக்கூட முயலாமல் அழுதாள். திருமூர்த்தி பதறி எழுந்து, “ஏ மயிலா, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசற?” என்று பாய்ந்தார்.

“அவளத் திட்டாதீங்க. உக்காருங்க, நீங்களும் கேளுங்க” என்று சொல்லிவிட்டு வேலாத்தாள் மறுபடியும் கட்டையில் கை வைத்தாள்.