அரைக் கிலோமீட்டருக்குள்

பட்டியலில் அம்சவேணியின் பெயர் இல்லை. மூன்று முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டாள்.

மலையடியில், காரவள்ளியின் புது பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலு மாடி எழும்பியிருந்தது. கீழே கடைகள், மேலே வீடுகள். மலையில் பஸ் எட்டாத குடும்பங்களுக்கு அதில் முப்பது வீடு ஒதுக்கியிருந்தார்கள். அவள் கணவன் செல்லமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் நாமக்கல்லில் டயாலிசிஸ். அந்த வீடு கிடைத்தால் படியிறங்கி பஸ் ஏறலாம். இல்லையென்றால் பள்ளத்து ஊரிலிருந்து நாலு பேர் மூங்கிலில் தூளி கட்டி அவனை மேலே ரோட்டுக்குத் தூக்கி வர வேண்டும். போன வாரம் மிளகு பறிப்பில் ஆள் கிடைக்காமல் ஒரு நாள் தவறியது. முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறினான்.

மலைமேல், பஸ் வந்து நிற்கும் ரோட்டோரத்து ஆபீசில் எழுத்தர் கதிர்வேல் அவளுடைய மனுவைத் தேடி எடுத்தார்.

"உங்க ஊட்டுக்கும் பஸ்சுக்கும் அரைக் கிலோமீட்டருக்குள்ளனு இருக்குதுங்களே. கீழ உங்க கையெழுத்து."

அவளுக்கு ஞாபகம் வந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் ரோட்டிலேயே ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள், உங்க ஊர் தூரமா என்று. பக்கந்தானுங்க, வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க என்றாள். அவள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தூரம் என்று சொன்னால் வருகிறவர் வராமல் திரும்பிவிடுவார், பெண் கொடுக்கிறவரும் யோசிப்பார். சாப்பிட யாரும் இறங்கவில்லை. சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

தன் வாயையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பிறகு அந்தக் கோபம் மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பியது.

"அளந்து பாக்காம எப்படிங்க எழுதுனீங்க?"

"மறுபடி அளக்கச் சொல்லி மனுக் கொடுங்க. இன்னிக்குத்தான் கடைசி. ஜீப் வந்ததும் ஆள் அனுப்பறோம்."

"எங்க ஊருக்கு ஜீப் வராதுங்க. வந்தா நான் எதுக்கு வீடு கேக்கறேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கதிர்வேலின் காது சிவந்தது.

"பக்கந்தானே. நடந்தே போயி அளந்தாப் போச்சு," என்றார் குத்தலாக.

"வாங்க போலாம்."

"இப்பவா?"

"இப்பத்தான். சொன்னது நீங்கதானே."

அவள் நகரவில்லை. பின்னால் நின்றவர்களும் அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். தூரம் காட்டும் செயலியை ரோட்டோரத்தில் தட்டிவிட்டு இறங்கினார். பாதை கல்லும் வேருமாகக் கீழே போனது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் இரண்டு முறை சறுக்கி உட்கார்ந்தார்.

பாதி வழியில், அன்றைய டயாலிசிஸுக்குக் கிளம்பிய தூளி எதிரே வந்தது. முன்னால் தூக்கிவந்த கருப்பண்ணன் தோளில் மூங்கில் உரசி ரத்தம் கசிந்திருந்தது. தூளிக்குள்ளிருந்து செல்லமுத்து எட்டிப் பார்த்தான்.

"யாரு, ஆபீஸ் சாருங்களா? கால் வலிச்சாச் சொல்லுங்க, அடுத்த நடை உங்களையும் தூக்கச் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. கதிர்வேல் ஒதுங்கி வழிவிட்டுக் கீழே நடந்தார். அவள் வீட்டு வாசலில் போனைப் பார்த்தார். மூன்றே முக்கால் கிலோமீட்டர். மனுவின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் கேட்டார். கொடுத்தாள்.

"முத்திரை ஆபீசுல இருக்குது. திங்கக்கிழமை வெச்சு அனுப்பிடறேன்," என்றார்.

"இன்னிக்குத்தான் கடைசின்னீங்க."

"நான் பாத்துக்கறேங்க."

"போன தடவையும் உங்க ஆபீசுதான் பாத்துச்சு. நடங்க."

மேலே ஏறி வந்தபோது பஸ் உறுமிக்கொண்டு நின்றது. செல்லமுத்துவை ஜன்னலோரம் சாய்த்திருந்தார்கள். அவனை ஒரு நாளும் அவள் தனியாக அனுப்பியதில்லை. பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு வைத்திருந்தான்.

"நீங்க கூடப் போங்கண்ணா," என்றாள் கருப்பண்ணனிடம்.

"நீ வரலியா?" என்றான் செல்லமுத்து.

"வரலீங்க."

பஸ் கிளம்பியது. அவள் கதிர்வேலின் பின்னால் ஆபீசுக்குள் நுழைந்தாள். அவர் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. முத்திரை தாளில் விழுந்தது. அந்தத் தாள் உறையில் போய், உறை மேலதிகாரிக்குப் போகும் பையில் விழும்வரை மேசையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, மனுவை இன்றே வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டாள்.