பெயின்ட் வழிந்த திசை

அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அசல்னு எழுதிடுடீ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பார்க்காமலேயா?"

"நல்லாப் பாரு. பார்த்துட்டு அசல்னு எழுது."

அவள் பயம் நியாயமானது. மாமா அந்தப் பழைய காரைப் பிரித்து மாட்ட ஆரம்பித்து ஆறு வருஷம். முன்னறையில் சோபா இருந்த இடத்தில் ஒரு உபரி கியர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் நோயாளியைப் பார்க்க வந்ததுபோல அதைச் சுற்றி நிற்கிறார்கள். பழைய கார் சங்கம் 'அசல்' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்காவிட்டால் மறுபடி முதல் திருகாணியிலிருந்து. போன தடவை, கண்ணாடி ஓரத்து ரப்பர் புதுசு என்று நான் சொன்ன ஒரே வார்த்தைக்குப் பதினான்கு மாதம் ஆனது.

சங்கத்தில் அந்த மாடலைச் சோதிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொந்தக்காரர் கார் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ இன்னும் கறாரா இருப்பே, போ" என்றார் தலைவர்.

ஷெட்டில் மாமா இஸ்திரி போட்ட சட்டையுடன் நின்றார். பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்பதுபோல ஒரு சிரிப்பு.

"வாங்க, நீதிபதி அம்மா. காரைத் தொடுறதுக்கு முன்னாடி மோதிரத்தைக் கழட்டுங்க."

"மாமா, நான் மோதிரமே போடல."

"போட்டிருந்தா சொன்னேன்."

அசல் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். பிரித்து மாட்டலாம்; ஆனால் பாகத்திலோ பெயின்டிலோ பிறகு யார் கைவேலையும் இருக்கக் கூடாது. புதிதாகப் போலி செய்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து மாட்டிக்கொள்வார்கள். தொழிற்சாலையில் ஒழுங்கு கிடையாது. அங்கே வேலை செய்தவர்களுக்குப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது, பக்கத்திலிருந்தவரோடு சண்டை இருந்தது. நான் தேடுவது அந்த அவசரங்களைத்தான்.

டிக்கி மூடிக்கு உள்பக்கம் ஒரு சோதனைச் சீட்டு, பழுப்பேறி, கோணலாக ஒட்டியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஷிஃப்ட் முடியும் நேரத்தில், மழைக்கு முன்னால் வீடு போக வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யாரோ ஒரு பெண் அதை ஒட்டியிருக்கிறாள் என்று தோன்றியது. 'அசல்' படிவத்தில் டிக் போட்டேன். அடித்தட்டில் அடித்துப் பொறித்த வண்டி எண்ணில் ஒரு ஏழு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதற்கும் ஒரு டிக். தேய்ந்த ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்து இன்னொன்று; இப்படியே பத்துப் பன்னிரண்டு. பின்னால் அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அப்புறம் டார்ச்சையும் குச்சிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பார்த்தேன். பெயின்ட் ஒரு இடத்தில் வழிந்து, சின்னக் கண்ணீர்த்துளி மாதிரி உறைந்திருந்தது. அழகான அலட்சியம்.

ஆனால் துளி கீழே பார்த்து நின்றது.

"மாமா..."

"என்ன? அதுவா? அந்தக் காலத்துப் பெயின்டருங்க அப்படித்தான். பொறுப்பே கிடையாது."

"இந்த மாடலைக் கொக்கியில மாட்டி, மூக்கு வானத்தைப் பார்க்கத் தொங்கவிட்டுத்தான் பெயின்ட் அடிச்சாங்க. வழிஞ்சா பின்சக்கரத்துப் பக்கமா வழியும். கார் தரையில நிக்கும்போது அது படுத்த வாக்குல தெரியணும். உங்களுது நிமிர்ந்து நிக்குது."

மாமா எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காது சிவந்தது.

"நிஜத் துளியைத் தெரியாமத் தேய்ச்சுட்டேன்," என்றார். "அதான் ஒண்ணு... வச்சேன். பதினோராவது தடவைதான் சரியா வந்துச்சு."

அக்கா பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பரவால்ல," மாமா சட்டைக் கையை மடித்தார். "கதவை இறக்கி, உடம்பைத் தூக்கி, மூக்கை மேல பார்க்க நிறுத்தி அடிச்சா..."

"அதுவும் உங்க கைதானே மாமா? எனக்குத் தெரிஞ்சுபோச்சே!"

"அப்ப வேற என்னடீ வழி?" அக்காவின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தேன். 'புதுப்பித்த வண்டிகள்.' மாமா அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது கண்டவனும் வாங்குறது."

"அசல் சான்றிதழ்ல தொழிற்சாலை பேர் மட்டும்தான் வரும். இதுல புதுப்பிச்சவர் பேர் வரும், பெரிய எழுத்துல. கீழ அவர் கையால செஞ்ச வேலை எல்லாம் வரிசையா."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப எழுதிக்கோ. கதவிடுக்குத் துளி. அடுத்தது, டிக்கி மூடிச் சீட்டு."

"அதை நான் அசல்னு..."

"டீத்தண்ணியில ஊற வச்சு, வெயில்ல போட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஒட்டினேன். இல்லாட்டி நேரா வந்துடுது."

மழைக்கு முன்னால் வீடு போக நினைத்த பெண் பரிதாபமாகக் கலைந்து போனாள். நான் எழுதினேன்.

"சாய்ஞ்ச ஏழு. துரு ஏறி அந்த ஒரு எண் மட்டும் அழிஞ்சுபோச்சு. இடது கையால அடிச்சேன்."

"இந்த மனுஷன் கூச்சமே இல்லாம சொல்றாரே," என்றாள் அக்கா.

"சும்மா இரு. சின்னவளே, ஸ்டீயரிங் தேய்மானம் எழுதினியா? அதை நீ தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டியே?"

இரண்டு பக்கம் நிறைந்தது. நான் போட்ட டிக்குகளில் ஒன்பதை நானே கோடு போட்டு அடித்தேன். மாமாவின் முகத்தில் இத்தனை வருஷமாக யாரும் கேட்காததை ஒருத்தி கேட்டுவிட்ட வெளிச்சம். கடைசி வரி 'வேலை முடிந்த தேதி'; அதைப் புதுப்பித்தவரே எழுத வேண்டும். மாமா கைக்குப் போன பேனா அங்கே வந்து நின்றுவிட்டது.

"வைப்பர்ல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்குத் தேதி போடுங்க," என்றாள் அக்கா.

"இல்ல, ஒரே ஒரு..."

"இன்னிக்குத் தேதி."

போட்டார். மை காய்வதற்குள் அக்கா தாளை வாங்கி, மடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஷெட் சாவியை எடுத்தாள். நான் அதற்குள் பாயை விரித்து காருக்கு அடியில் நுழைந்திருந்தேன்.

"வெளிய வாடீ, பூட்டணும்."

"அஞ்சு நிமிஷம்க்கா. இந்த வெல்டிங்கும் இவர்தானான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

மாமா எனக்கு டார்ச் பிடித்தார்.