வாழ்த்துக்குள் போன எழுநூறு வரி

தன் கம்பைலரை யாராவது குறை சொன்னால் சைகலுக்கு மூக்குமேல் கோபம் வரும். எழுதிய புரோகிராமை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கும் அந்த மென்பொருள் அவளுடைய மூன்று வருஷ உழைப்பு, வராதா பின்னே? மத்தியானம் இரண்டு மணிக்கு வாய்க்கால் அலுவலகத்தார் பிஷ்கெக் நகருக்கு வருகிறார்கள். மேசைமேல் இருக்கும் மாதிரி மதகு அவர்கள் கண்முன்னே திறந்தால் அவள் கம்பைலரை எடுத்துக்கொள்வார்கள். திறக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதகோ அசைந்துகொடுக்கவில்லை. மதகை இயக்க நாரின் ஊரிலிருந்து எஞ்சினியர் தோக்தோசுன் அனுப்பிய எழுநூறு வரி புரோகிராமைக் கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. பிழை ஒன்றுகூட இல்லையாம். வேலையும் ஒன்றும் நடக்கவில்லை.

"உன் கம்பைலர் ரொம்ப நல்ல பிள்ளை. எதைக் குடுத்தாலும் தலையாட்டுது" என்று பக்கத்து மேசை மக்சாத் தேநீரை உறிஞ்சியபடி சீண்டினான்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புரோகிராம் இருந்த கோப்பினை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தாள். அட, தோக்தோசுன் கிழவர் இன்னும் இருபத்தைந்து வருஷத்துப் பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்! அது வரி முடிவில் வைக்கும் குறியே வேறு. அந்தக் குறி சைகலின் கம்பைலருக்குத் தெரியாது, எழுநூறு வரியும் அதற்கு ஒரே வரி. போதாக்குறைக்கு, வாழ்த்துச் சொல்லாமல் மனிதர் எந்த வேலையையும் தொடங்கமாட்டார். முதல் வரியிலேயே இரண்டு சாய்கோடு போட்டு, 'காரியம் கைகூடட்டும்' என்று எழுதியிருந்தார். சாய்கோடு வந்தால் வரி முடியும்வரை கம்பைலர் எதையும் படிக்காது. வரிதான் முடியவே இல்லையே. மொத்தப் புரோகிராமும் வாழ்த்தோடு போயிற்று.

அவர் கோப்பில் குறியை மட்டும் மாற்றிவிடு, ஒரு நிமிஷ வேலை, யாருக்குத் தெரியப்போகிறது என்றான் மக்சாத்.

"எனக்குத் தெரியும்ல. அவர் ஒரு தப்பும் பண்ணலை. என் பிள்ளைக்குத்தான் படிக்கத் தெரியலை."

பழைய குறி, புதுக் குறி, இரண்டும் ஒட்டி வருவது, எது வந்தாலும் ஒரு வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும்படி கம்பைலரையே திருத்தினாள். ஒட்டி வருவதை இரண்டாக எண்ணினால் பிழை காட்டும் வரி எண் கோணிக்கொள்ளும். அதையும் சோதித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இரண்டு மணிக்கு அலுவலகத்தாரோடு தோக்தோசுனே வந்து நின்றார். நேற்று என் கணினியிலேயே எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டேன், பழையது வேண்டாம் என்று பென் டிரைவை நீட்டினார். பழைய கோப்பில் மட்டும் கைவைத்திருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்ததும் மக்சாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

சைகல் புதியதைக் கம்பைலருக்குக் கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது என்று கம்பைலர் நின்றது. அலுவலகத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் வரிக்கு வரி எண் போட்டு அச்சடித்து வந்த தாள்களைப் புரட்டினார்.

"அதே இடந்தான் மகளே" என்று சிரித்தார். "தப்பு என்னோடது."

அடைப்புக்குறியைப் போட்டதும் மதகு கிர்ரென்று மேலேறியது. மக்சாத் எழுந்துபோய் அவளுக்கும் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றினான்.