பத்தாம் நம்பர் செருப்பு

"இதக் கொஞ்சம் புடி. ரெண்டே நிமிஷம். என்னைச் சாக விட்டுடாதே."

வீடியோ கேம் கன்ட்ரோலரை நாத்தனாரின் மடியில் போட்டுவிட்டு அண்ணி பேட்டரி வாங்கக் கீழே போனாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி. நாத்தனாருக்குச் சுடத் தெரியாது. திரையிலிருந்த அண்ணியின் சிப்பாயை ஒரு சுவரோரமாகக் குந்த வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் காப்பாற்றினாள். கடைக்காரர் ஓடிவந்து, அண்ணி கடை வாசலில் விழுந்துவிட்டாள், மூச்சில்லை என்று சொன்னபோதும் சிப்பாயின் மேல் ஒரு குண்டுகூடப் பட்டிருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

நாலைந்து வருஷம் முன்னால் அண்ணன் வேறொருத்தியோடு கிளம்பிப் போனபோது, அண்ணி விவாகரத்தில் கேட்டு வாங்கியவை இரண்டுதான். "கேம் பொட்டி எனக்கு வேணும். உன் தங்கச்சி எனக்கு வேணும். மத்ததெல்லாம் நீயே கட்டிக்கிட்டு அழு."

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. நாத்தனார் மருந்துக்கடையில். கைக்கெட்டும் வாடகையில் நகரத்துக்குள் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படியே கிடைத்தாலும் இருபத்துமூன்று வாசலிலும் ஒரே கேள்வி: "வீட்டுல ஆம்பளை யாரு?" ஆம்பளை இல்லையென்றால் நகரத்தைத் தாண்டி, மூன்று பஸ் மாறிப் போகிற இடத்தில் பாருங்கள் என்று கை காட்டினார்கள்.

கேமிலும் இதே கதைதான். பெண் குரல் கேட்டால் போதும், குண்டுக்கு முன்னால் கெட்ட வார்த்தை வந்து விழும். அதனால் அண்ணி தன் பெயரைப் 'பெரியப்பா' என்று வைத்துக்கொண்டு, இரண்டு தடவை இருமி, அடித்தொண்டையில் பேசினாள். அதட்டினால் படையே அடங்கியது.

இருபத்துநாலாவது வீட்டுக்காரம்மா போன் செய்தது ஒரு சண்டையின் நடுவில். அண்ணி பெரியப்பா குரலை மாற்ற மறந்து, "யாரது? சொல்லித் தொலை!" என்று உறுமிவிட்டாள்.

மறுமுனை நடுங்கியது. "ஐயா, வீடு விஷயமா... குடும்பத்துக்குப் பெரியவர் நீங்கதானுங்களா?"

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தலையணையைக் கடித்தாள்.

"நானேதான்" என்றார் பெரியப்பா. வீடு கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே அண்ணி பத்தாம் நம்பர் ஆண் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து வாசலில் போட்டாள். நாத்தனார் அதை ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். அண்ணி இடது செருப்பைக் கோணலாகத் தள்ளினாள். "எந்த ஆம்பளைடி நேரா கழட்டியிருக்கான்? உங்கண்ணன் செருப்பப் பாத்ததில்ல?" பிறகு சோபாவில் விழுந்து சிரித்தாள். "சுடறதுக்கும் ஆம்பளைக் குரல் வேணும், தூங்கறதுக்கும் ஆம்பளைக் குரல் வேணும். ஆம்பளைதான் வேண்டாம்!"

பெரியப்பாவுக்கு முட்டிவலி, படி இறங்கமாட்டார். தரைத்தளத்து வீட்டுக்காரம்மாவுக்கும் முட்டிவலி, படி ஏறமாட்டாள். இரண்டு முட்டிவலிகளின் புண்ணியத்தில் நான்கு வருஷம் ஓடியது.

அண்ணி செத்த ஆறாம் நாள், கேம் கூட்டாளிகள் இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். 'இடி' என்ற பெயரில் கர்ஜித்தவர் ஒரு பல் டாக்டர். பெண். "நானும் குரல் மாத்துற மெஷின்தாங்க" என்று வெட்கப்பட்டாள். மற்றவர் லிஃப்ட் மெக்கானிக். மீசையும் தொப்பையுமாக ஆறடி உயரம். படையிலேயே அசல் ஆம்பளை அவர் ஒருத்தர்தான். அவருக்குத்தான் கீச்சுக் குரல்.

"மூணு வருஷமா பெரியப்பாகிட்ட திட்டு வாங்கியே வளந்தேங்க" என்று அவர் கண்ணைத் துடைத்தபோது, படிக்கட்டிலிருந்து முனகல் கேட்டது. வீட்டுக்காரம்மா ஏறிவந்துகொண்டிருந்தாள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக.

"பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை துக்கம் கேக்காம இருக்கலாமா..." படிக்கொரு முனகல். மொத்தம் முப்பத்தாறு படி.

பெரியப்பா இல்லையென்றால் வீடு இல்லை. வீடு இல்லையென்றால் மூன்று பஸ்.

"இவரையே பெரியப்பாவாக்கிடலாமா?" என்றாள் டாக்டர்.

"ஐயய்யோ!" என்று மெக்கானிக் கீச்சிட்டார். அந்தக் குரலோடு கதை முடிந்தது.

நாத்தனார் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா உள்ளே வந்து மீசையைப் பார்த்தாள். "நீங்கதான் பெரியவரா?"

மெக்கானிக் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார், இல்லையென்று. டாக்டரின் விரல் குளியலறையைக் காட்டியது.

கதவு தட்டப்பட்டது. "ஐயா, நான்தாங்க, கீழ் வீடு."

நாத்தனார் அந்தக் குரலைப் பேசிப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பதுதான் அவள் வேலையாக இருந்தது. இரண்டு தடவை இருமினாள். "சொல்லும்மா."

அண்ணி. சுவரிலும் வாளியிலும் மோதித் திரும்பி வந்தது அப்படியே அண்ணியின் பெரியப்பா. சிரிப்பா அழுகையா தெரியாத ஒன்று மேலே வந்தது. துண்டை வாயில் திணித்தாள்.

"மருமக இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாளே!"

துண்டை எடுத்தாள். "ஆமாம்மா. என் குரலே அவதான்."

"அழாதீங்க ஐயா, அழாதீங்க. வீட்டைப் பத்தி ஒண்ணும் நெனைக்காதீங்க. நீங்க இருக்கிற வரைக்கும் அந்தச் சின்னப் பொண்ணு இங்கதான். ஆம்பளைத் துணை இல்லாம ஒரு பொம்பளையால என்ன பண்ண முடியும் சொல்லுங்க? நான் பதினெட்டு வருஷமா ஒத்தையா நின்னு இந்தக் கட்டடத்தையே பாத்துக்கறேன், அது வேற. ஆமா, பொண்ணு எங்க?"

"பேட்டரி வாங்கப் போயிருக்கா."

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. துண்டு மறுபடியும் வாய்க்குப் போனது.

கடைசிப் படி முனகலும் அடங்கியபின் நாத்தனார் வெளியே வந்தாள். மெக்கானிக் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீச்கீச்சென்று குலுங்கிக்கொண்டிருந்தார். டாக்டருக்குக் கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. அண்ணி போன பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு. மூன்று பேரும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

அவர்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது பார்த்தாள். பெரியவர் மேலிருந்த மரியாதையில் வீட்டுக்காரம்மா செருப்பை நேராகச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாத்தனார் கால் விரலால் இடது செருப்பை மெல்லத் தள்ளினாள்.

இன்றைக்கும் அது கோணலாகத்தான் கிடக்கிறது.